ஆறு மாதத்தில் போய்விடுவேன்

வெளிநாட்டில் இருக்கும் மனைவியோடு இருந்துவிட்டு ஆறு மாதத்தில் போய்விடுவேன் என்று குடிவரவுக் கவுண்டரில் ஏழு முறை சத்தியம் செய்திருக்கிறேன். ஒருவரும் நம்பியதில்லை. போன முறை, விசா ஏஜென்ட் படிவங்களில் பென்சிலால் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்தும் போட்டேன்.

இந்த முறை அதிகாரி, "உங்க நகலுக்குத்தான் அங்கேயே தங்க அனுமதி கொடுத்தாச்சே. நீங்க எதுக்கு?" என்றார்.

திரையில் என் மனைவி திலகவதியை அழைத்தார். அவளுக்குப் பின்னால், என் லுங்கியில், நானே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"திலகா, நான்தான்டி நிஜம்!" என்று கத்தினேன்.

அவள் திரும்பி, "என்னங்க, உள்ள விடச் சொல்லலாமா?" என்று அவனிடம் கேட்டாள்.

தலை நிமிராமல், என் குரலில் சொன்னான்: "பாவம் மனுஷன், இருந்துட்டுப் போகட்டும். ஆறு மாசத்துல போயிடுவாரு."

அதிகாரி உடனே நம்பி, முத்திரை குத்தினார்.