பின்கதவும் ஒரு காந்தமும்
அறுபது வருடப் பழைய பச்சை ஜாகுவார் கார் கம்பம் ஊரின் காலை வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. வாங்க வந்த கோட்டயத்துக்காரர் தகடெங்கும் காந்தத்தை வைத்து வைத்துப் பார்க்கிறார். நசுங்கலை மறைக்கப் பட்டி பூசிய இடமென்றால் காந்தம் ஒட்டாது. “எங்க அத்தா எஸ்டேட் தொரைகிட்ட வாங்குன வண்டி சேட்டா. பட்டி இருந்தா சும்மாவே கொண்டு போங்க,” என்கிறார் அஷ்ரப். காபித் தட்டோடு வந்த அவர் மனைவி சுமையா காந்தத்தையே பார்த்தபடி நிற்கிறாள். முன்கதவில் ‘டக்’கென்று ஒட்டுகிறது காந்தம். அடுத்தது, அஷ்ரப் சவூதியில் இருந்தபோது அவள் ரகசியமாகப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்க வைத்த பின்கதவு. “அங்கன ஒட்டாது,” என்கிறாள். அஷ்ரப் திரும்பி முறைக்கிறார். “ஒனக்கு எப்படித் தெரியும்?” அவள் தட்டைக் கீழே வைக்கிறாள். “குமுளி மலை ஏறி எறங்குற வரைக்கும் நல்லாத்தான் ஓட்டுனேன். நம்ம வீட்டு கேட்டுலதான் ஒரசிட்டேன்.”