ஐந்து சாண் கூடு

சுந்தரவல்லி வண்டியின் பின்பக்கம் ஏறி, தரையிலிருந்து மேல்நோக்கிச் சாண் போட்டாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்கு மேல் கை கூரையில் இடித்தது.

கல்கத்தா மல்லிக் பஜாரில் பழைய வண்டிச் சாமான் விற்கும் ஹாலிம் பாய், எங்கள் குட்டி பிக்கப்பின் மேல் கவிழ்த்துக் காட்டிய முதல் கூடு அது. ஃபைபர். விலையும் எங்கள் கைக்கு எட்டியது.

"நாலுன்னா மூணோட நிறுத்திக்கிடணும்ங்க. அஞ்சு வேணும்," என்றாள்.

நாலு இருக்கும் இடத்தில் ஏன் மூன்றோடு நிறுத்த வேண்டும்? எனக்கு மண்டை காய்ந்தது.

துறைமுகத்தில் விருப்ப ஓய்வு வாங்கி, இந்த வண்டியை ஓட்ட ஆரம்பித்து ஒன்றரை வருஷம். கிடர்பூர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நியூ டவுனில் பதினோராவது மாடிக்குக் குடிபோனதும் அப்போதுதான். இத்தனை நாளில் இது பெட்ரோலில் ஓடுகிறதா டீசலில் ஓடுகிறதா என்றுகூட அவள் கேட்டதில்லை. போன வாரம் திடீரென்று, வண்டிக்கு மேல்கூடு வாங்க வேண்டும் என்றாள்.

மழைக்குத் தார்ப்பாய் போதுமே என்றேன். போதாது, அமாவாசைக்குள் கூடு வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருஷமும் வீணாய்ப் போய்விடும் என்றாள்.

எது வீணாய்ப் போகும்? முதலில் கூடு கிடைக்கட்டும் என்றாள். கல்லுளிமங்கி.

ஹாலிம் பாய்க்கு என்னைவிடக் குடைச்சல். பூஜைக்கு முந்தைய இந்த நாட்களில் ஊரில் எல்லோரும் இருக்கிற கூட்டையும் கழற்றிப் போடுவார்கள். துர்க்கையை நிறுத்தி வைத்து ஏற்ற வேண்டும், கூடிருந்தால் கிரீடம் இடிக்கும். இந்த நேரத்தில் கூடு கேட்டு வந்தது நாங்கள் மட்டும்தான். அதனால் விலை சல்லிசு.

மீன் ஏற்றவா என்று இந்தியில் கேட்டார். வல்லி இல்லையென்று தலையை ஆட்டினாள். கோழியா என்றார். காதைப் பொத்திக்கொண்டாள்.

தோசைக் கடையா என்று நான் கேட்டேன். அதற்கு ஒரு முறைப்பு.

இரண்டாவது கூட்டை நான்கு பேர் தூக்கி வந்து மாட்டினார்கள். ஏதோ ரொட்டிக் கம்பெனி வண்டியில் இருந்ததாம். பின்கதவு குடை மாதிரி மேலே திறந்தது. ஒரு பக்கம் விரிசல்.

வல்லி மறுபடி ஏறினாள். ஐந்து சாண் போட்ட பிறகும் ஒரு சாண் மிச்சம் இருந்தது.

பிறகு இறங்கி வந்து, நான்கடி தள்ளி நின்று உள்ளே பார்த்தாள். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். மேலே வரைக்கும் தெரிகிறதா என்று கேட்டாள். ஒன்றுமில்லாத கூட்டில் என்ன தெரியும்? ரொட்டி வாசனைதான் வந்தது.

ஹாலிம் பாய் விலை சொன்னார். முதல் கூட்டைப் போல ஒன்றரை மடங்கு. அந்த நாலு சாணே போதும், விரிசல் விட்டதற்கு இவ்வளவு கொடுக்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன்.

வல்லி தோள்பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாள். வண்டியில் ஏறி அவிழ்த்தாள்.

மரப்பாச்சி ஜோடி. எங்கள் கல்யாணத்துக்கு மாமியார் கொடுத்தது.

ஐந்தாவது சாண் முடிந்த இடத்தில் உள்ளங்கையை விரித்து, அதன் மேல் இரண்டையும் நிறுத்திப் பார்த்தாள். தலை இடிக்கவில்லை.

"மேல ஏறி யாரும் வரலைல்லா. இந்த வருஷம் கொலு அவங்க வாசலுக்குப் போவட்டும்ங்க."

கொலுப்படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு. இருபத்தெட்டு வருஷம் கிடர்பூரில் அந்தப் படிகளை அடுக்கிக் கொடுத்தவன் நான். அங்கே சாயங்காலமானால் எங்கள் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. அங்கே பக்கத்து வீட்டிலிருந்த கோமதி இப்போது கரியாஹாட்டில் இருக்கிறாள். மற்றவர்களும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள்.

போன வருஷம் ஒன்பது நாளும் வல்லி எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். ஒன்பது நாளும் சுண்டலை நான் ஒருவனே தின்றேன். எனக்குத்தான் லாபம் என்று தினமும் சொன்னேன். அவளும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

ஹாலிம் பாய் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

உள்ளே ஒரு பல்பு எரிகிற மாதிரி வயர் இழுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.