சனிக்கிழமைக் கோளாறு

1935 ஆவணி, ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு ஆயிரத்து நூறு தேங்காயோடு கிணத்துக்கடவை விட்டுக் கிளம்பினான் ராசப்பன். எட்டு மணிக்குச் சேர வேண்டிய லாரி, கோயமுத்தூர் மண்டியில் நுழைந்தபோது ஒன்பது.

லாரியின் சொந்தக்காரர் பொங்கியண்ணன் முதல் பஸ்ஸிலேயே வந்து வாசலில் நின்றிருந்தார்.

"இன்னைக்கு என்னடா?"

"இஞ்சின் மிஸ்ஸடிச்சுதுங்க பண்ணாடி. விக்கி விக்கித்தான் வந்துச்சு. நிறுத்திச் சரி பண்ணிப்போட்டு வந்தனுங்க."

"சனிக்கிழமையானா மட்டும் அதுக்கு விக்கல் எடுக்குமா?"



இது ஐந்தாவது சனிக்கிழமை. லாரி நேராக மெக்கானிக் வரதராஜுலுவின் பட்டறைக்குப் போனது. அவர் பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டார்.

"பழைய வண்டிதானுங்க கவுண்டரே. ஆனா தையல் மிஷினாட்டம் ஓடுது. எங்கிட்ட வரும்போது ஒரு கோளாறும் இருக்கறதில்லீங்க."

பொங்கியண்ணனுக்கு அது போதும். ஊர் எல்லை தாண்டியதும் புளியமரத்தடியில் லாரி ஒரு மணி நேரம் நிற்கிறது என்று ஏற்கெனவே இரண்டு பேர் வந்து சொல்லியிருந்தார்கள்.

"பெட்ரோலை யாருக்குடா ஊத்தறே?"

"நான் எடுக்கலீங்க."

"அப்ப எதுக்கு மரத்தடியில நிறுத்தறே? சொல்லு. ஏசுவைக் கும்புடற வேதக்காரன் பொய் சொல்லமாட்டான்னுதானே உன்னைய வண்டியில ஏத்துனேன்?"

ராசப்பன் இஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை இருக்கைமேல் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

"பாருங்க, திருடன் நழுவறதை!" என்றார் பொங்கியண்ணன். பட்டறையில் நின்ற ஓட்டுநர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.

புது ஓட்டுநராக மயில்சாமி வந்தான். அடுத்த சனிக்கிழமை லாரி ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வரதராஜுலு கிணத்துக்கடவுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்ற லாரியின் பானெட்டைத் திறந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

"கவுண்டரே, இதைப் பாருங்க."

நாலு பிளக். நாலின் வெள்ளைப் பீங்கான் கழுத்திலும் ஈரச் சந்தனம். நடுவே குங்குமம்.

"கரண்ட் உள்ள போய்ப் பொறியாகோணுமுங்க. இங்க ஈரம் இருந்தா மேலயே ஓடிப் போயிரும். தொடச்சாச் சரியாப் போகும். ராசப்பன் தொடச்சுப்போட்டுத்தான் எங்கிட்ட வந்திருக்கான்."

"யாரு வெச்சது இதை?"

"நாந்தானுங்க," என்றாள் பொங்கியண்ணனின் மனைவி குழந்தையம்மாள், நிலைப்படியிலிருந்து. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் வண்டி தொடைக்கறப்ப, 'இதுக்கு உசுரு எங்க ராசப்பா இருக்குது'ன்னு கேட்டேன். இந்த நாலுலதான்னு காட்டுனான். போறவன் நல்லபடியா ஊடு வந்து சேரோணும்னு வெள்ளிக்கிழமை பூசைச் சந்தனத்தை மறுநா விடியால வெச்சேனுங்க."

"அவங்கிட்டச் சொன்னயா?"

"சொல்லாமயா? 'நான் பொட்டு வெச்சா வண்டிக்கு ஒண்ணும் ஆயிராதே'ன்னு வாரா வாரம் கேப்பேன். 'ஒண்ணும் ஆகாதுங்க ஆத்தா, வெய்யுங்க'ம்பான்."

பொங்கியண்ணன் தன் துண்டாலேயே நாலு பொட்டையும் துடைத்தார்.

"அவனைக் கூப்புடோணுமுங்களே," என்றாள் குழந்தையம்மாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. வரதராஜுலுவைப் பார்த்தார்.

"நாயுடு, இது இந்த வாசலைத் தாண்ட வேண்டாம். ஊரே சிரிக்கும்."

தாண்டவில்லை. பெட்ரோல் திருடனை யாரும் வண்டியில் ஏற்றவும் இல்லை.

1936 ஜனவரி 20-ம் தேதி, வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ராசப்பன் கூலியாகச் சேர்ந்தான். தெரிந்த தொழில் என்னவென்று கணக்குப்பிள்ளை கேட்டபோது, ஒன்றுமில்லை என்று எழுதச் சொன்னான்.