சார் இருக்காரா?

“மச்சா, அந்த வெள்ளைக்காரப் பையன் இன்னைக்கும் உன் வீட்டுக்கு வந்தான்.”

ஆபீஸ் முடிந்து காக்ஸ் டவுன் பஸ் ஸ்டாப்பில் இறங்கிய உத்தமனை மடக்கிச் சொன்னான் பக்கத்துத் தெரு சீனு. அவனுக்கு நைட் ஷிஃப்ட் வேலை. பகலெல்லாம் ஏரியாவில்தான் இருப்பான்.

“‘சார் இருக்காரா’ன்னு மெதுவாக் கேக்கறான். மங்களம் சிஸ்டர் ‘அவர் இல்லை’ன்னதும் சிரிச்சிட்டுப் போயிடறான். நீ இல்லாத நேரமாப் பாத்து வர்றான், உஷாரு!”

மறுநாள் தலைவலி என்று மனைவி மங்களத்திடம் சொல்லிவிட்டு, லீவு போட்டுக் காத்திருந்தான் உத்தமன்.

மதியம் பெல் அடித்தது. வாசலில் வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பெயர் அட்டையோடு அந்தப் பையன். கூடவே அதே உடுப்பில் ஒரு நம்மூர்ப் பையன்.

“சார் இருக்காரா?”

“இருக்கேன்டா!” டையோடு சேர்த்துக் காலரைப் பிடித்தான் உத்தமன்.

நம்மூர்ப் பையன் பதறினான். “விடுங்க சார்! நாங்க மார்மன்கிற கிறிஸ்தவ சபையோட ஊழியக்காரங்க. இவர் அமெரிக்காவுல இருந்து வந்து ஒரு மாசம்தான் ஆகுது. ஆம்பளைங்க இல்லாத வீட்டுக்குள்ள நாங்க போகக் கூடாது சார், அது எங்க ரூல். அதான் முதல்ல உங்களைக் கேக்கறோம்.”

உத்தமனின் பிடி தளர்ந்தது. வெள்ளைக்காரப் பையன் டையைச் சரிசெய்துகொண்டு, “இப்போ உள்ளே வரலாமா, சார்?” என்றான்.

“சாரி தம்பி... சீனு பாத்துட்டு வந்து சொன்னான், அதான்...”

“இவங்க வாசல்ல மெதுவாக் கேட்டது, பக்கத்துத் தெருவுல இருக்கறவருக்கு எப்படிக் கேட்டுச்சாம்?” உள்ளிருந்து வந்தாள் மங்களம். “நீங்க இல்லாத நேரத்துல நம்ம சோபாவுல வந்து உக்காந்துக்கிட்டு, போங்கன்னாலும் எழுந்திருக்க மாட்டேங்கறாரே, அதையும் சொன்னாரா உங்க சீனு?”