யோசனை சொல்லாத கணினி

காந்திபுரத்தில் ஹமீதாவின் கடைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே தேவைதான். அடுத்த வார்த்தையைத் தானே எழுதிவிடாத கணினி வேண்டும். பழைய கணினிகளின் துருப்பிடித்த மின்பலகைகளைச் சுரண்டி, காய்ந்த கெப்பாசிட்டர்களை மாற்றி, அப்படிச் சிலவற்றை அவள் ஓட வைத்திருந்தாள்.

அன்று வசுமதி தன் கணவன் சிவசாமியோடு வந்தாள். தன்னைக் கேட்காமல் மகளை விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டான் என்று கோபித்துக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் அனுப்பிய மன்னிப்புக் கடிதங்கள் எல்லாமே அழகாக இருந்தன.

“அதெல்லாம் ஃபோன் எழுதுனதுங்க. இதுல இவரே எழுதட்டும்,” என்றாள் ஹமீதாவிடம்.

சிவசாமி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினான், அழித்தான், மறுபடியும் தட்டினான். திரை எந்த யோசனையும் சொல்லவில்லை. மதியத்துக்கு மேல்தான் எழுந்தான்.

‘நான் செஞ்சது தப்புனு இன்னும் தோனல. ஆனா நீங்க ரெண்டு பேரும் இல்லாத வீட்டுக்குள்ள போக பயமா இருக்கு.’

வசுமதி அதை இரண்டு முறை படித்தாள்.

“தோணலைக்கு மூணு சுழி வருமுங்க.”

“திருத்தட்டுமா?” என்றான் சிவசாமி.

“வேண்டாம்.”

ஹமீதா அச்செடுத்துக் கொடுத்த தாளை அவள் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“வண்டிய எடுங்க,” என்றாள் அவனிடம். “அக்கா வீட்டுல என் பெட்டி இருக்குது. அதை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிரலாம். புள்ளையப் பத்தி அங்க வெச்சுச் சண்டை போட்டுக்கலாம்.”