கம்பத்தடிப் பச்சை

வயல் முழுக்கக் கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. விளக்குக் கம்பத்தைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம். பச்சைப் பசேலென்று, பேருக்கு ஒரு கதிர்கூட இல்லாமல்.

அவள் வரப்பிலேயே நின்றுகொண்டாள்.

மழை பருவம் தப்பியதுதான் காரணம் என்று கணவர் கலியபெருமாள் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் எதற்கும் மழைதான் பழி ஏற்கிறது.

வேளாண்மை ஆபீஸிலிருந்து வந்த பெண் ஒரு தூரைப் பிரித்துப் பார்த்தாள். பூச்சி இல்லை. நோய் இல்லை.

"பழைய சம்பா ரகம்ண்ணே. பொழுது குறுகுனாத்தான் பூக்கும். லைட்டு விடிய விடிய எரியுதுல்ல, பயிரு இன்னும் பகல்னு நெனச்சிக்கிட்டு நிக்கிது."

கலியபெருமாள் சிரித்தார். "பாம்புக்குப் பயந்து இவதான் மனு மேல மனு போட்டு வாங்குனா. கழட்டச் சொல்லிட்டாப் போச்சு."

பாம்பென்றால் படையே நடுங்கும். கிராமசபை நடுங்காதா? மூன்றாவது மனுவில், இந்த நடவுக்கு முன்னால்தான், கம்பம் வந்தது.

பாம்பு எதுவும் இல்லை.

மகள் சிந்துஜா கார்மென்ட்ஸில் இரண்டாம் ஷிப்டு. கடைசி பஸ்ஸில் இறங்கி இந்த வயலோரமாகத்தான் நடந்து வர வேண்டும். அப்போது இங்கே விளக்கில்லை. நான்கு நாள் ஒருவன் பைக்கில் பின்னாலேயே வந்தான். ஐந்தாம் நாள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான்.

அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

அப்பாவிடம் சொன்னால் அவனை விட்டுவிட்டு இவள் வேலையைத்தான் நிறுத்துவார். கெட்ட மனிதரில்லை. ஊரில் எல்லா அப்பாக்களும் அதைத்தான் செய்தார்கள்.

விளக்கு வந்தபின் அவன் வரவில்லை.

கலியபெருமாள் மனு எழுத ஒரு தாள் கேட்டார். ஆபீஸ் பெண் பையிலிருந்து உருவிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

வரப்பில் நின்றவள் அரிவாளோடு வயலில் இறங்கினாள். பச்சையை அடியோடு பிடித்து அறுத்தாள்.

"மாட்டுக்காவது ஆகட்டும். அடுத்த வருசம் இந்த எடத்தத் தரிசா விட்ருவோங்க."

ஒரு சாண் வரப்புக்காகப் பங்காளி வீட்டோடு பத்து வருஷம் பேசாமல் இருந்தவள் அவள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ரோடு வரைக்கும் நீண்டு கிடந்த பாதையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"புள்ள எத்தன மணிக்கு பஸ்ஸ விட்டு எறங்குது?"

மகள் வேலைக்குப் போன இந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

அவள் நேரத்தைச் சொன்னாள். அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. குனிந்து அடுத்த பிடியை அறுத்தாள்.