கண்டக்டர் வாய்

"படி! படி! பாத்து இறங்கு!"

கண்டக்டர் போட்ட சத்தத்தில் அரண்மனை வாசலில் நின்ற கூட்டமே திரும்பிப் பார்த்தது. வாத்தியாருக்கு மானம் போனது.

"ரிடையர் ஆகியும் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கலையா நீ? மெதுவா பேசேன்டா."

"பழகின வாய்டா, சொன்னா கேக்காது."

மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். வேலை கிடைத்து வெளியூர் போன வாத்தியார், பல வருஷம் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக இந்தச் சுற்றுலா. எல்லாம் மூன்றாவது ஆளான ஸ்டூடியோவுக்காக.

ஊர்க் கல்யாணத்தையெல்லாம் படம் பிடித்த மனுஷன் ஸ்டூடியோ. இந்த அரண்மனை ஓவியங்களை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று மீசை முளைத்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தொழில் விட்டால்தானே!

இன்று கறுப்புக் கண்ணாடியும் அதுவுமாக, கண்டக்டர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஜாலியாக நடந்தார்.

"கேமரா எங்கடா?" என்றார் வாத்தியார்.

"அதுக்கும் எனக்கும் லீவு."

உள்ளே போனதும் கண்டக்டர் ஆரம்பித்துவிட்டார். ஒரு போர்டு பாக்கியில்லை. "தொடாதீர்கள்" என்பதைக்கூட உரக்கப் படித்தார்.

"இதோ பாரு, வெள்ளைக் குதிரையில ராஜா. சிவப்பு அங்கி, பச்சைக் கரை. குதிரை ஒரு காலைத் தூக்கிட்டு நிக்குது. பின்னாடி ஒரு சிப்பாய், அசல் நம்ம ஹெட்மாஸ்டர் முறைப்பு!"

ஸ்டூடியோ விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற அம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. கண்டக்டரைத் தூண் மறைவுக்கு இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்தார்.

"ஏன்டா, எங்களுக்குக் கண்ணில்லையா? நாங்க பாத்துக்க மாட்டோமா? பாவம், அவனுக்கு எத்தனை வருஷ ஆசை! வாயை மூடிட்டு அவனை நிம்மதியா பாக்க விடு."

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தூரத்தில் நின்ற ஸ்டூடியோவைப் பார்த்தார். வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

"சரிப்பா. நான் போய்த் தண்ணி வாங்கிட்டு வரேன். அவனைத் தனியா விட்டுட்டு எங்கேயும் போயிடாதே."

"அவன் என்ன கைக்குழந்தையா?"

கண்டக்டர் வாசல் பக்கம் நடந்தார். அப்பாடா, காது குளிர்ந்தது வாத்தியாருக்கு. நல்ல காரியம் செய்த திருப்தியோடு ஸ்டூடியோவிடம் வந்தார்.

கூடத்தின் வலது சுவர் முழுக்க ஓர் ஆறு, அதில் வரிசையாகப் படகுகள். பார்க்கக் கண் கோடி வேண்டும்.

ஸ்டூடியோவோ இடது பக்கம் திரும்பி நின்றிருந்தார். அங்கே வெறும் சுண்ணாம்புச் சுவர். ஒரு சுவிட்ச் போர்டு. அதைப் பார்த்துப் புன்னகையோடு காத்திருந்தார்.

"டேய், அங்க என்னத்தைப் பாக்குற?"

குரல் வந்த பக்கம் ஸ்டூடியோவின் கை துழாவி வந்தது. வாத்தியாரின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"வாத்தியாரா? கண்டக்டர் ஏன்டா நிறுத்திட்டான்? இவ்வளவு நேரம் எனக்கு எல்லாம் நல்லாத்தானே தெரிஞ்சுது!"